கிரேடு டூ வீட்டை வாங்கிட்டோம், இப்ப கவுன்சில்ல இருந்து லெட்டர் வந்திருக்கு

இந்த வாரம் எடுத்துக்கிட்ட கடிதம் இங்கிலாந்துல சஃபோக் பக்கம் ஒரு சின்ன கிராமத்துல இருந்து வந்தது. எழுதினவர் ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறார், மனைவி வீட்டுல இருந்தே ஐ.டி. வேலை, சொந்த ஊர் காரைக்குடி பக்கம். பேரு, ஊரு எல்லாம் எடுத்துட்டேன், அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு விவரத்தையும் மாத்தியிருக்கேன்.

சுருக்கமா விஷயம் இதுதான். 14 மாசத்துக்கு முன்னாடி ஒரு பழைய காட்டேஜ் வாங்கியிருக்காங்க. சுமார் 1600 வாக்குல கட்டினது, மரச்சட்டம், மேல வைக்கோல் கூரை, பின்னாடி 1970-கள்ல சேர்த்த ஒரு கிச்சன், தோட்டத்துல ஒரு பழைய செங்கல் கொட்டகை. கிரேடு டூ லிஸ்டட் பில்டிங், அதாவது பழமைக்காகவும் சிறப்புக்காகவும் சட்டப்படி பாதுகாக்கிற பட்டியல்ல இருக்கிற கட்டடம். பின்பக்கம் ரெண்டு ஜன்னல் யுபிவிசிங்கிற பிளாஸ்டிக், பழைய ஓனர் 12 வருஷத்துக்கு முன்னாடி மாத்தினது. இவங்க குடிபோன பிறகு சாப்பாட்டு ரூம்ல ஈரம் அடிக்குதுன்னு ஒரு பில்டரை வச்சு சுவர்ப் பூச்சு முழுசும் கொத்தி எடுத்துட்டாங்க. வாசல்ல ஸ்கிப் (கட்டடக் குப்பை போடுற பெரிய இரும்புத் தொட்டி) நின்னதைப் பாத்து யாரோ புகார் கொடுத்திருக்காங்க, பக்கத்து வீட்டு அம்மாதான்னு இவருக்குச் சந்தேகம். கவுன்சிலோட, அதாவது உள்ளாட்சி நிர்வாகத்தோட, பழைய கட்டடங்களைக் கவனிக்கிற கன்சர்வேஷன் ஆபீசர்கிட்ட இருந்து "அனுமதி இல்லாம உள்ளே வேலை நடக்குதுன்னு தெரிய வருது, 21 நாளைக்குள்ள விளக்கம் கொடுங்க"ன்னு லெட்டர் வந்திருச்சு. இது போக கிச்சனுக்கும் சாப்பாட்டு ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவரை எடுக்கணும், கொட்டகையை இடிக்கணும், 72 வயசு அம்மா வந்து கூட இருக்கப் போறாங்க, அவங்களால அந்த வளைஞ்ச மாடிப்படி ஏற முடியாது. "எங்க காரைக்குடி வீட்டுல பாதியை இடிச்சு கட்டினோம், ஒரு ஈ காக்கா கேக்கல, இங்க சொந்தக் காசுல வாங்கின வீட்டுல ஆணி அடிக்க பயமா இருக்கு"ன்னு முடிச்சிருக்கார்.

உங்க கோபம் எனக்குப் புரியுதுங்க. நான் இங்க பிளானிங் சட்டம் பாக்கிற சொலிசிட்டர், இந்த மாதிரி ஃபைல் மாசத்துக்கு ஒண்ணாவது மேஜைக்கு வருது, வர்றவங்கள்ல நம்ம ஆட்கள் மட்டும் இல்ல, தலைமுறை தலைமுறையா இங்கயே இருக்கிற வெள்ளைக்காரங்களும் இதே தப்பைத்தான் பண்றாங்க. அதனால முதல்ல கொஞ்சம் மூச்சு விடுங்க. ஆனா நண்பர் சொன்னாருன்னு எழுதியிருக்கீங்களே, "பதில் போடாதே, கதவைச் சாத்திக்கிட்டு மிச்ச வேலையை முடிச்சுடு, அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு, அதை மட்டும் இன்னைக்கே மறந்துடுங்க. பில்டருக்கு போன் போட்டு வேலையை நிறுத்துங்க. ஸ்கிப் இன்னும் போகலைன்னா அதையும் நிறுத்தி வைங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

கிரேடு டூன்னா "சின்ன" லிஸ்டிங் இல்ல

உங்க கடிதத்துல ரெண்டு இடத்துல "வெறும் கிரேடு டூதானே"ன்னு வருது, ஒரு இடத்துல "முன்பக்கம்தானே பாதுகாப்பு, உள்ளே நம்ம இஷ்டம்தானே"ன்னு வருது. ரெண்டும் தப்பு. இங்கிலாந்துல லிஸ்டட் கட்டடங்கள்ல 100-க்கு கிட்டத்தட்ட 92 கிரேடு டூதான். கிரேடு ஒன் வெறும் 2.5 சதவீதம், நடுவுல கிரேடு டூ ஸ்டார் 5.8 சதவீதம். அதாவது கிரேடு ஒன்னுன்னா பெரிய கதீட்ரல், அரண்மனை மாதிரி, கிரேடு டூங்கிறது உங்க தெருவுல வரிசையா நிக்கிற வீடுங்க. ஆனா அனுமதி வாங்கணுங்கிற சட்டம் மூணுக்கும் ஒண்ணேதான், 1990-ல வந்த லிஸ்டட் பில்டிங் சட்டம். மேல இருக்கிற ரெண்டு கிரேடுன்னா பழைய கட்டடங்களுக்கான அரசு அமைப்பு ஹிஸ்டாரிக் இங்கிலாந்து கிட்டயும் கருத்து கேப்பாங்க, அவ்வளவுதான் நடைமுறையில பெரிய வித்தியாசம்.

முன்பக்கம், பின்பக்கம், உள்ளே, மாடி, சுவர்ல ஒட்டியிருக்கிற அலமாரி, கணப்பு, கதவு, மாடிப்படி எல்லாமே லிஸ்டிங்ல அடங்கும். லிஸ்ட்ல உங்க வீட்டைப் பத்தி எழுதியிருக்கிறது நாலு வரிதான், அதுல "சாப்பாட்டு ரூம் சுவர்"னு ஒரு வார்த்தை கூட இல்லன்னு சுட்டிக்காட்டியிருக்கீங்க, நல்ல கவனம்தான், ஆனா அந்தக் காலத்துல லிஸ்ட் பண்ணினவங்க தெருவுல நின்னு பாத்து கட்டடம் எதுன்னு அடையாளம் தெரியறதுக்கு எழுதின குறிப்பு அது. அதுல இல்லாததுக்குப் பாதுகாப்பு இல்லன்னு அர்த்தமே இல்ல. ரொம்ப சமீபத்துல, 2013-க்கு அப்புறம் எழுதின சில என்ட்ரில மட்டும் "இந்தப் பகுதி இதுல சேராது"ன்னு வெளிப்படையா போட்டிருப்பாங்க. உங்களுது பழைய என்ட்ரி.

அதே நேரத்துல சட்டம் "எதையும் தொடாதே"ன்னும் சொல்லல. கட்டடத்தோட தன்மையைப் பாதிக்கிற மாதிரி இடிச்சாலோ மாத்தினாலோ சேர்த்தாலோ முன்கூட்டியே கவுன்சில்கிட்ட லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்ங்கிற அனுமதி வாங்கணும், அதுதான் சட்டம். உடைஞ்ச பலகையை எடுத்துட்டு அதே மரத்துல அதே மாதிரி பலகை வச்சா பொதுவா கன்சென்ட் வேண்டாம். இந்த "தன்மையைப் பாதிக்கிற" அப்படிங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்குங்க, உங்க கேஸ் பாதி அதுலதான் நிக்குது.

நீங்க கொத்தி எடுத்த சுவர்

அனுமதி இல்லாம அப்படி மாத்தினா அது சிவில் தகராறு இல்ல, கிரிமினல் குற்றம். வேலை செஞ்ச பில்டரும் மாட்டலாம், செய்யச் சொன்ன நீங்களும் மாட்டலாம். "லிஸ்டட்னு தெரியும், ஆனா இதுக்கும் அனுமதி வேணும்னு தெரியாது"ங்கிறது கோர்ட்ல செல்லாது. உச்சபட்ச தண்டனை 2 வருஷம் ஜெயில், அபராதத்துக்கு மேல்வரம்பே கிடையாது, அதோட அந்த வேலையால உங்களுக்குக் கிடைச்ச பண லாபத்தையும் கோர்ட் கணக்குல எடுக்கணும். பயமுறுத்த சொல்லல, தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன். ஒரு ரூம்ல பூச்சு எடுத்து, உடனே நிறுத்தி, சரி பண்ணவும் தயாரா இருக்கிற குடும்பத்தை கோர்ட்டுக்கு இழுக்கிறது என் அனுபவத்துல அபூர்வம். சொல்லச் சொல்ல கேக்காம தொடர்ந்து செஞ்சவங்க, வீட்டை இடிச்சு ஃபிளாட் போட நினைச்ச டெவலப்பருங்க, இவங்களைத்தான் விடமாட்டாங்க. லண்டன்ல கார்ல்டன் டாவர்ன்னு ஒரு பப், லிஸ்ட் பண்றதுக்கான வேலை நடந்துக்கிட்டிருந்தப்பவே 2015-ல இடிச்சுத் தள்ளிட்டாங்க, அதைச் செங்கல் செங்கலா பழையபடியே கட்டுன்னு கவுன்சில் உத்தரவு போட்டு, கட்ட வச்சு, 2021-ல திரும்பத் திறந்தாங்க. அது லிஸ்டிங் கூட முடியாத கட்டடம்.

சரி, உங்க சுவருக்கு வருவோம். நீங்க அனுப்பின போட்டோவை ரெண்டு தடவை பெருசு பண்ணிப் பாத்தேன். பெரும்பகுதி ரோஸ் கலர்ல உதிர்ந்து கிடக்குது, அது ஜிப்சம் பிளாஸ்டர் மாதிரி தெரியுது, அப்படின்னா கடைசி அம்பது அறுபது வருஷத்துல யாரோ பூசினது. ஆனா ஜன்னலுக்கு இடது மூலையில குச்சி பின்னி மேல மண்ணு அப்பின மாதிரி ஒரு துண்டு தெரியுது பாருங்க, அதுதான் வாட்டில் அண்ட் டாப். ஹேசல் குச்சியைப் பாய் மாதிரி பின்னி, களிமண்ணு, வைக்கோல், மாட்டுச் சாணி குழைச்சு அப்புவாங்க. 400 வருஷம் நிக்கிற சுவர் அது. ரோஸ் கலர் பூச்சை மட்டும் எடுத்திருந்தா "கட்டடத்தோட தன்மை பாதிக்கல, சொல்லப்போனா மூச்சு விடாத பூச்சை எடுத்துட்டோம்"னு வாதாட நல்ல இடம் இருக்கு. மண் சுவரையும் சேர்த்துக் கொத்தியிருந்தா அந்த வாதம் அந்த இடத்துல நிக்காது. எவ்வளவு போச்சுங்கிறதுக்கு ஒரே சாட்சி அந்த ஸ்கிப்ல கிடக்கிற குப்பையும் பில்டர் போன்ல இருக்கிற போட்டோவும்தான், அதான் ஸ்கிப்பை அனுப்பாதீங்கன்னேன். மண்ணுத் துண்டுகளைத் தனியா ஒரு பெட்டியில எடுத்து வைங்க. திரும்ப அப்பும்போது அதே மண்ணைத் தண்ணி விட்டுக் குழைச்சு உபயோகிக்க முடியும், விளையாட்டுக்கு சொல்லல.

ஈரம் ஏன் வந்துச்சுன்னும் கேட்டிருக்கீங்க. சர்வேயர் வந்து பாத்துத்தான் உறுதியா சொல்லணும், ஆனா இந்த மாதிரி வீட்டுல பத்துக்கு எட்டு தடவை காரணம் வெளிச்சுவர்ல சிமெண்ட் பூச்சு, உள்ளே ஜிப்சம், நடுவுல மரமும் மண்ணும் மூச்சு முட்டி வேகுது. பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளிய விடுற சுவர், அதுக்குச் சுண்ணாம்புதான் சரி. காரைக்குடிக்காரருக்கு நான் சுண்ணாம்பைப் பத்திப் பாடம் எடுக்க வேண்டியதில்ல, உங்க தாத்தா வீட்டுச் சுவர்ல கையை வச்சுப் பாத்திருப்பீங்க. பில்டர் சொன்ன மாதிரி இப்ப பிளாஸ்டர்போர்டு அடிச்சு மூடினா ஈரமும் போகாது, இன்னொரு குற்றமும் சேரும்.

பழைய ஓனர் வச்ச ஜன்னல், இதுதான் எனக்குக் கவலை

"12 வருஷம் ஆச்சு, 10 வருஷம் தாண்டினா கவுன்சில் ஒண்ணும் பண்ண முடியாதாமே"ன்னு எழுதியிருக்கீங்க. அந்த 10 வருஷக் கணக்கு சாதாரண பிளானிங் மீறலுக்கு. லிஸ்டட் பில்டிங் விஷயத்துல காலக்கெடுவே கிடையாது. 30 வருஷம் கழிச்சும் என்ஃபோர்ஸ்மெண்ட் நோட்டீஸ் (மீறலைச் சரி பண்ணுன்னு கவுன்சில் போடுற உத்தரவு) வரலாம், அதுவும் மாத்தினவருக்கு இல்ல, இன்னைக்கு யாரு ஓனரோ அவங்களுக்கு. அவர் செஞ்ச குற்றத்துக்காக உங்க மேல கேஸ் போட முடியாது, அது நிம்மதி. ஆனா ஜன்னலை மாத்துன்னு நோட்டீஸ் வந்து, நீங்க மாத்தலைன்னா, அந்த மாத்தாதது உங்க குற்றம் ஆயிடும். பாவம் அவரோட போகல, வீட்டோட உங்களுக்கு வந்திருச்சு.

இப்ப ஒரு விஷயத்தைக் கவனமா கேளுங்க. கடிதத்தோட கடைசியில போற போக்குல "வாங்கும்போது வக்கீல் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் 200 பவுண்டுக்கு எடுத்துக் கொடுத்தார், எதுக்குன்னு தெரியல"ன்னு எழுதியிருக்கீங்க. அது அநேகமா இந்த ஜன்னலுக்கான இன்டெம்னிட்டி பாலிசி. கவுன்சில் நடவடிக்கை எடுத்தா திரும்ப மாத்துற செலவை அது ஏத்துக்கும். ஆனா இந்தப் பாலிசிகள்ல பொதுவா ஒரு கண்டிஷன் இருக்கும், நீங்களே கவுன்சில்கிட்ட போய் இந்த மீறலைப் பத்திப் பேசினா பாலிசி செல்லாம போயிடலாம். நல்ல மனசோட "சார், பின்னாடி ஜன்னல் கூட இப்படி இருக்கு, அதையும் பாருங்க"ன்னு நீங்க ஒரு வரி சேர்த்து அனுப்பினா, நாலஞ்சாயிரம் பவுண்டு கவர் அந்த ஒரு வரியில போயிடும். அதனால கவுன்சிலுக்குப் பதில் போடறதுக்கு முன்னாடி பழைய ஃபைலைத் தேடி பாலிசியை எடுத்து முழுசா படிங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கவுன்சில் லெட்டர் வந்திருக்குன்னு உடனே சொல்லுங்க, அவங்க என்ன சொல்றாங்கன்னு எழுத்துல வாங்குங்க. பொய் சொல்லச் சொல்லல நான். ஆபீசர் வந்து ஜன்னலைப் பாத்து கேட்டா உண்மையைத்தான் சொல்லணும். கேக்காததை முன்கூட்டியே எழுத்துல கொடுக்கணும்னு கட்டாயம் இல்லங்கிறேன். ஒண்ணு மட்டும், அந்தப் பாலிசி நீங்க வாங்குறதுக்கு முன்னாடி நடந்த வேலைக்குத்தான், சுவர் விஷயத்துக்கு அது உதவாது.

விக்கும்போது பழைய ஓனர் ஒரு ப்ராப்பர்ட்டி இன்ஃபர்மேஷன் ஃபார்ம் நிரப்பிக் கொடுத்திருப்பார், அதுல லிஸ்டட் கட்டடத்துல செஞ்ச மாற்றத்துக்கு கன்சென்ட் இருக்கான்னு கேள்வி வரும். அவர் என்ன எழுதினாருன்னு பாருங்க. பொய் எழுதியிருந்தாலோ, உங்க வக்கீல் உங்களுக்கு சரியா எச்சரிக்காம விட்டிருந்தாலோ நஷ்டஈடு கேக்க வழி உண்டு, பொதுவா 6 வருஷம் டைம் இருக்கு. ஆனா பாலிசி கையில இருக்குன்னா வக்கீல் எச்சரிச்சுத்தான் இருப்பார், 80 பக்க ரிப்போர்ட்ல 47-ம் பக்கத்துல எங்கயோ. நாம யாரு படிச்சோம்!

லெட்டருக்குப் பதில்

21 நாள்ல இன்னும் 12 நாள் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, போதும். பதில் சுருக்கமா இருக்கணும்: லெட்டர் கிடைச்சது, வேலையை இந்தத் தேதியில நிறுத்திட்டோம், பழைய கட்டட அனுபவம் உள்ள ஒரு சர்வேயரை வச்சு என்ன ஆச்சுன்னு ரிப்போர்ட் எடுக்கிறோம், நீங்க வந்து பாக்கலாம், இந்த நாட்கள் எங்களுக்கு வசதி. அவ்வளவுதான். யாரு புகார் கொடுத்தாங்க, பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் பண்ணலையா, நான் கவுன்சில் டாக்ஸ் கட்டலையா, இதெல்லாம் வேண்டாம். நீங்க டிராஃப்ட் பண்ணி அனுப்பியிருந்த ரெண்டு பக்க மெயில்ல "எங்களுக்குத் தெரிஞ்சேதான் செஞ்சோம், ஏன்னா ஈரம் ஆஸ்துமாவுக்கு ஆகாது"ன்னு ஒரு வரி இருக்கு, அதைப் படிச்சப்ப எனக்குத் திக்குன்னுச்சு. அவசர வேலைக்குச் சட்டத்துல ஒரு பாதுகாப்பு இருக்கு, உண்மைதான், ஆனா உயிருக்கோ ஆரோக்கியத்துக்கோ கட்டடத்துக்கோ அவசரமா ஆபத்து இருக்கணும், முட்டுக்கொடுத்தோ தற்காலிகமா தடுத்தோ சமாளிக்க முடியாம இருக்கணும், குறைஞ்சபட்சம் எது வேணுமோ அதை மட்டும் செஞ்சிருக்கணும், முடிஞ்ச சீக்கிரத்துல கவுன்சிலுக்கு எழுத்துல காரணத்தோட தெரிவிச்சிருக்கணும், இவ்வளவும் சேர்ந்தாத்தான். நாலு சுவரையும் கொத்தினது இதுல வராது. அந்த மெயிலை அனுப்பிடாதீங்க.

ஆபீசர் வீட்டுக்கு வரட்டும், அறிவிப்பு கொடுத்துட்டு உள்ளே வந்து பாக்க அவங்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கு, மறிச்சா வாரண்டோட வருவாங்க. டீ போட்டுக் கொடுங்க. இந்த வேலையில இருக்கிறவங்க பெரும்பாலும் பழைய வீட்டு மேல பைத்தியமா இருக்கிறவங்க, உங்க உத்தரத்தைப் பாத்தா அரை மணி நேரம் அதையே பேசுவாங்க. ஆனா எப்பவாவது லெட்டர்ல "இன்டர்வியூ அண்டர் காஷன்"னு (நீங்க சொல்றதைக் கோர்ட்ல சாட்சியா வைக்கலாம்னு எச்சரிச்சுட்டு நடத்துற விசாரணை) வார்த்தை வந்தா டீயெல்லாம் கிடையாது, வக்கீல் இல்லாம ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அநேகமா அவங்க கேக்கப் போறது, சுண்ணாம்புப் பூச்சு போட்டுச் சரி பண்றதுக்கு ஒரு அப்ளிகேஷன். நடந்து முடிஞ்ச வேலையை அப்படியே வச்சுக்கவும் கன்சென்ட் கேக்கலாம், ஆனா கொடுத்தாலும் அது கொடுத்த தேதியில இருந்துதான் செல்லும், முன்னாடி நடந்ததைக் கழுவி விடாது. லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்டுக்கு அப்ளிகேஷன் ஃபீஸ் கிடையாது, சட்டப்படி 8 வாரத்துல முடிவு சொல்லணும், நடைமுறையில இன்னும் கொஞ்சம் இழுக்கும். மறுத்தா அப்பீல் பண்ண 6 மாசம் இருக்கு. செலவு ஆகுறது டிராயிங்குக்கும், கட்டடத்தோட சிறப்பு என்ன, வேலையால அதுக்கு என்ன ஆகும்னு விளக்குற ஹெரிடேஜ் ஸ்டேட்மெண்டுக்கும்தான். அப்புறம் லிஸ்டட் வீட்டுக்கு வாட் வரி இல்லன்னு யாரோ சொன்னாங்களாமே, அது அனுமதி வாங்கின மாற்றங்களுக்கு இருந்த சலுகை, 2012 அக்டோபர்லயே எடுத்துட்டாங்க.

கிச்சன், கொட்டகை, அம்மா

கிச்சனுக்கும் சாப்பாட்டு ரூமுக்கும் நடுச்சுவரை எடுக்கிறது நடக்காதுங்க. யோசிச்சுப் பாருங்க, கிச்சன் 1970-கள்ல பின்னாடி ஒட்டினது. அப்போ அந்த "நடுச்சுவர்"தான் 1600-ல கட்டின வீட்டோட பின் வெளிச்சுவர். வீட்டுலயே முக்கியமான சுவர்கள்ல ஒண்ணு அது. மாறா, அந்த 1970 கிச்சனுக்குள்ள என்ன வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, ஆபீசருக்கும் அது மேல பாசம் இருக்காது. பெரிய ஜன்னல், கண்ணாடிக் கதவு, வேற கூரை எல்லாத்துக்கும் வாய்ப்பு இருக்கு. எக்ஸாஸ்டும் அந்தப் புதுச் சுவர் வழியாவே கொண்டு போங்க, அனுமதியும் சுலபம், நம்ம சமையல் ஆவியும் தாளிப்புப் புகையும் மரச்சட்டத்துக்குள்ள போகாம இருக்கும், எண்ணெய்ப் புகை வைக்கோல் கூரை ஓரத்துல போய் முட்டாத மாதிரி மட்டும் பாத்துக்குங்க.

கொட்டகை லிஸ்ட்லயே இல்லையேன்னு கேட்டிருக்கீங்க. லிஸ்டட் வீட்டோட வளாகத்துக்குள்ள, 1948 ஜூலை 1-க்கு முன்னாடியே நிலத்தோட நிலமா நிக்கிற கட்டடம்னா அதையும் வீட்டோட பகுதியாத்தான் சட்டம் பாக்கும். ஏன் அந்தத் தேதின்னா, லிஸ்டிங் முறையைக் கொண்டு வந்த 1947 சட்டம் அமலுக்கு வந்த நாள் அது. உங்க கொட்டகை விக்டோரியா காலத்துத் துணி துவைக்கிற கொட்டகை மாதிரி இருக்கு, உள்ளே செப்புக் கொப்பரை வச்ச அடுப்பு மேடை கூட மிஞ்சியிருக்கு. இடிக்கக் கேக்காதீங்க. ரிப்பேர் பண்ணி உபயோகிக்கக் கேளுங்க, மனைவிக்கு ஆபீஸ் ரூமா மாத்தறதுக்கு அது நல்ல இடம்.

அம்மா விஷயம்தான் நீங்க கடிதத்துல கடைசியா எழுதினது, மனசுல முதல்ல இருக்கிறதும் அதுதான்னு நினைக்கிறேன். "வயசான அம்மாவுக்காகன்னு சொன்னா கண்டிப்பா கொடுப்பாங்க"ன்னு நம்பாதீங்க. கட்டடத்துக்கு வர்ற பாதிப்பை எதோட எடை போடணும்னா பொதுநன்மையோட, ஒரு குடும்பத்தோட வசதி பொதுவா அந்தத் தட்டுல கனமா உக்காராது. ஆனா அம்மாவுக்காக எதையும் இடிக்கவே தேவையில்லன்னுதான் எனக்குத் தோணுது. இப்ப பூச்சு போன அந்தச் சாப்பாட்டு ரூமையே அவங்க பெட்ரூம் ஆக்குங்க, சாப்பாட்டு மேஜையை ஹால்ல போடுங்க. குளியலறையை 1970 பகுதியில ஒரு மூலையில ஒதுக்குங்க, பைப்பு எல்லாம் அங்கதான் இருக்கு. வாசப்படிக்கு எடுத்து வைக்கிற மாதிரி சாய்தளம் கடையில கிடைக்குது, அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம். படி ஏற்றுற ஸ்டேர்லிஃப்ட் அந்த வளைஞ்ச படியில பொருந்துறதே கஷ்டம், அதுக்காகப் படியை மாத்துறேன்னு மட்டும் போய் நிக்காதீங்க. ஜன்னல் குளிருக்கு, பழைய ஜன்னல் அப்படியே இருக்க உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் வைக்கிற செகண்டரி கிளேசிங், பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஆபீசர் வர்ற அன்னைக்கே கேட்டுடுங்க.

லிஸ்ட்ல இருந்து எடுத்துட முடியாதா?

கேக்கலாம், ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு எழுதினா பாப்பாங்க. ஆனா கட்டடத்துக்கு இனி சிறப்பு எதுவும் இல்லன்னு காட்டணும். பராமரிப்புச் செலவு ஜாஸ்தி, எங்களுக்கு வசதிப்படலங்கிறது காரணமே இல்ல. 1700-க்கு முன்னாடி கட்டி ஓரளவுக்கு அப்படியே நிக்கிற வீடு எதுவா இருந்தாலும் லிஸ்ட் பண்றதுதான் வழக்கம். நேரத்தை வீணாக்காதீங்க.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பத்தி

"நாங்க வெள்ளைக்காரங்களா இருந்தா புகார் கொடுத்திருப்பாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. கொடுத்தது அந்த அம்மாதானான்னு உங்களுக்கே தெரியாது, அது ஒண்ணு. அப்படி ஒரு எண்ணம் யாருக்கும் இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், நானும் இங்க முப்பது வருஷமா இருக்கேன். ஆனா இந்தக் கிராமங்கள்ல ஸ்கிப் வந்து நின்னா திரைச்சீலை விலகறது எல்லாருக்கும் நடக்கிறது. உங்க பக்கத்துல லாவன்ஹம் இருக்கில்ல, போய்ட்டு வந்திருப்பீங்க, 1520-கள்ல கம்பளித் துணி வியாபாரத்துல இங்கிலாந்தோட பணக்கார ஊர்கள்ல ஒண்ணா இருந்துச்சு, இன்னைக்கு அந்த ஒரு கிராமத்துல மட்டும் 300-க்கு மேல லிஸ்டட் கட்டடம். அவ்வளவு எப்படி மிஞ்சுச்சுன்னா, வியாபாரம் படுத்துருச்சு, இடிச்சுப் புதுசா கட்ட ஜனங்ககிட்ட காசு இல்ல. வறுமை காப்பாத்தின வீடுங்க. அதுல பொறந்து வளர்ந்தவங்களுக்கு அது ஒரு விதமான பிடிவாதம் ஆயிடுச்சு. புகார் யாரு கொடுத்தாலும் ஆபீசர் பாத்துத்தான் ஆகணும், அதனால அந்த அம்மாகிட்ட முகத்தைத் திருப்பிக்கிட்டு உங்களுக்கு எந்த லாபமும் இல்ல. நீங்க அப்ளிகேஷன் போட்டா அதுக்கு ஆதரவாவோ எதிராவோ கருத்து எழுத அவங்களுக்கும் உரிமை உண்டு, இதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

பாலிசி, அந்த ப்ராப்பர்ட்டி ஃபார்ம், உங்க வக்கீலோட வாங்குறப்ப கொடுத்த ரிப்போர்ட், பில்டர் போன்ல இருக்கிற எல்லா போட்டோவும், இந்த நாலையும் இந்த வாரத்துக்குள்ள ஒரு இடத்துல சேருங்க. சர்வேயர் தேடறதுக்கு எஸ்.பி.ஏ.பி.ன்னு 1877-ல இருந்து இருக்கிற சங்கம், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறதுக்கு, அவங்க டெக்னிக்கல் விஷயத்துக்கு இலவசமா போன்ல வழி சொல்றாங்க, அவங்களைக் கேளுங்க, ஈரம்னதும் கெமிக்கல் ஊசி போடணும்னு சொல்ற ஆளா இருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க.

இன்னொண்ணு. உங்க மூணாவது போட்டோல, கணப்புக்கு மேல உத்தரத்துல, காம்பஸ் வச்சுக் கீறின மாதிரி ஒரு வட்டத்துக்குள்ள ஆறு இதழ் பூ இருக்கு, "பில்டர் இதை சாண்ட் பண்ணி வார்னிஷ் அடிச்சா பளபளன்னு ஆகும்னு சொல்றார்"னு கீழ எழுதியிருக்கீங்க. சூனியக்காரி புகைபோக்கி வழியா வீட்டுக்குள்ள இறங்கிடக்கூடாதுன்னு அந்தக் காலத்து ஆளுங்க கணப்புகிட்டயும் வாசக்கால்லயும் கீறி வைக்கிற குறி அது, நம்ம வாசல்ல பூசணிக்காய் கட்டுறோமே அந்த ஜாதி. பில்டர்கிட்ட இருந்து சாண்டிங் மெஷினை வாங்கி வச்சுடுங்க, ஆபீசர் வர்ற அன்னைக்கு முதல்ல அதைக் காட்டுங்க.